மைனஸ் எண்பது

வரவேற்பறைப் பலகையில் அம்புக்குறிகள் உண்டு:
நுண்ணுயிரியல் இடப்பக்கம்,
நரம்பியல் மாடியில்,
சூழலியல் அதற்கும் மேல்,
மீன் நோயியலுக்குப் பின்புறம் தனிக் கதவு.
பலகை எழுதியவர் அடித்தளத்துக்கு இறங்கி வந்ததில்லை.
இங்கே என் மேசைக்கு எதிரே
எல்லாருடைய ஃப்ரீசர்களும்
ஒன்பது வெள்ளைப் பீரோக்களாக நிற்கின்றன.
ஒவ்வொன்றுக்கும் ஒரு முனகல்.
கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்
எது யாருடையது என்று.

வல்திவியாவில் ஜூலை மாதம்
மழை பெய்வதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.
அன்றிரவு ஆற்றோரம் ஒரு மரம்
மின்கம்பிகளையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது.
எட்டு முனகல்கள் அடங்கின.
அப்படியோர் அமைதியை
இருபத்தாறு வருடத்தில் நான் கேட்டதில்லை.

ஓடியது மீன்காரர்களுடையது மட்டும்.
அவர்களுக்குச் சொந்த ஜெனரேட்டர்,
சால்மன் பண்ணைக்காரர்கள் கொடுத்தது.
மற்றவற்றில் பேட்டரிச் சிவப்பில் எண்கள்:
எழுபத்தாறு, எழுபத்திரண்டு, அறுபத்தொன்பது.
எண் குறையக் குறையச் சூடு ஏறும்
கோணல் கணக்கு.

தொலைபேசியில் எல்லாரையும் எழுப்பினேன்.
ஈஸ்ட் ஆராயும் ஹெர்வின் இரவுடையோடு வந்தான்.
"செத்தால் சாகட்டும்,
திரும்பக் காட்டுக்குப் போய்
மரப்பட்டையில் சுரண்டிக்கொள்ளலாம்" என்றான்.
சொல்லும்போதே கை நடுங்கியது.
ஒயார்சோ நேரே மாடிக்கு ஓடினார்,
அவருடைய தேகு எலிகள்
ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுருண்டு தூங்குகின்றனவா என்று பார்க்க.
கீழே டப்பாக்களில் கிடந்த
அவற்றின் பாட்டன்மாரின் மூளைகள்
பிறகுதான் அவருக்கு நினைவுக்கு வந்தன.

மில்லராய் கடைசியில் வந்தாள், சொட்டச் சொட்ட.
அவளுடையவை பதினாறு பெட்டிகள்.
உள்ளே பஞ்சுக்குச்சிகள்,
தவளைத் தோலில் ஒருமுறை தடவி எடுத்தவை.
கட்டைவிரல் நுனியளவுத் தவளை.
அதில் ஆண்தான்
குஞ்சுகளைத் தொண்டைப்பைக்குள் வைத்து வளர்க்கும்.
விழுங்கியது போலிருக்கும். விழுங்கவில்லை.
அவள் போய்வந்த ஓடைகள் மூன்றில்
இப்போது தவளை இல்லை,
குச்சிகள் இருக்கின்றன.

எல்சிரா, மீன் நோயியலின் தலைவி.
மில்லராயோடு பேச்சு நின்று இரண்டு வருடம்,
ஜன்னல் வைத்த அறை யாருக்கு என்ற தகராறில்.
நடுவில் நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.
"எத்தனை?" என்றாள் எல்சிரா, என்னைப் பார்த்து.
"பதினாறு" என்றாள் மில்லராய்,
அவளும் என்னைப் பார்த்து.

கதவு திறந்தது. வெண்புகை தரையில் வழிந்தது.
தட்டுகளில் எள் போட இடமில்லை.
எல்சிரா தன் பெட்டிகளையே வெளியே எடுத்தாள்,
ஒவ்வொரு சீட்டாகப் படித்து:
செவுள், இரண்டாம் தொகுப்பு.
மண்ணீரல், சரிபார்க்க.
சிறுநீரகம், முடிவு தெளிவில்லை.
ஒன்றை மட்டும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.
கையுறை இல்லாத விரல்கள் சிவந்துவிட்டன.
"இதை நான் எழுதப்போவதேயில்லை" என்று
நடைவழியில் இறக்கி வைத்தாள்.

மின்சாரம் மறுநாள் மாலைதான் வந்தது.
ஹெர்வினின் ஈஸ்ட் முக்கால்வாசி பிழைத்தது.
மூளைகள் வீணாயின.
உருகிய நீர் மீன் நாற்றத்தோடு
என் மேசைக் கால்வரை வந்து நின்றது.
இதற்கிடையில், காலை ஒன்பதுக்கு,
சூடான ரொட்டியோடு நுழைந்தார் பஸ்திதாஸ்,
லைக்கன் ஆராய்பவர்.
அவருடைய நாலாயிரம் மாதிரிகளும்
காகித உறைகளில், மர இழுப்பறைகளில்,
மின்சாரம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல்.
"ஏதாவது நடந்ததா?" என்றார்.

பதிவேட்டில் அந்த அவசரத்தில் நான் கிறுக்கியதை
இன்னும் யாரும் திருத்தவில்லை.
மீன் நோயியல்: தவளை, பதினாறு.
தணிக்கைக்காரர்கள் வருடாவருடம் கேட்கிறார்கள்.
ஜன்னல் தகராறு அப்படியே இருக்கிறது.
வெள்ளிக்கிழமைகளில் எல்சிரா இறங்கி வருவாள்.
கதவைத் திறக்கமாட்டாள்.
மூன்றாம் தட்டு இருக்கும் உயரத்தில்
உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போவாள்.