அரைப் பேர்

பதினோராவது கவ்வி இது, இந்த மாதத்தில்.
கொழுந்து வெட்டும் மெஷினில்
மோட்டாரையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடிக்கிற
உள்ளங்கை அகலக் கறுப்பு பிளாஸ்டிக்.

குளிர், என்கிறது கொழும்புக் கம்பனி.
கீழே போட்டிருப்பார்கள், என்கிறார் துரை.
உடைந்த நாளுக்குச்
செபமாலைக்கு அரைப் பேர்,
லோகாம்பாளுக்கும் அரைப் பேர்.

மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
என் தகரக் கராஜில்
பதினொன்றையும் பழைய பேப்பரில் பரப்பினேன்.
விழுந்த பிளாஸ்டிக்
அடிபட்ட இடத்தில் வெளுக்கும்,
சிராய்த்த முழங்கால் போல.
இவற்றில் ஒன்றும் வெளுக்கவில்லை.
வெடித்த முகம் கண்ணாடியாய் மினுங்கியது.
எல்லாவற்றிலும் தொடக்கம் ஒரே இடம்:
மூன்றாம் திருகாணி ஓட்டை,
கத்திக்கு மிகக் கிட்டே இருப்பது.

கத்தியை எதால் துடைக்கிறீர்கள்?
லோகாம்பாள் மூக்கைச் சுளித்தாள்.
"முந்தி வெறும் சோப்புத் தண்ணி.
சித்திரை கழிஞ்சு ஸ்டோருல குடுக்கிறது வேற.
நகப்பூச்சு வாசம். கண்ணு எரியும்."

அன்றிரவு இரண்டு புதுக் கவ்விகள்.
இரண்டையும் ஒரே மாதிரி முறுக்கினேன்.
ஒன்றை நனைத்துக் கூரைமேல் வைத்தேன், பனிக்கு.
மற்றதன் மூன்றாம் ஓட்டையில்
அந்தத் தண்ணியில் இரண்டு சொட்டு விட்டு
அடுப்படியில், பூனைக்குப் பக்கத்தில்.

நடுச்சாமத்தில் ஒரு சத்தம்,
சுண்டுவிரலில் நெட்டி முறித்த அளவு.
பூனை மட்டும் எழுந்து பார்த்தது.
விடிய,
கூரையில் இருந்தது முழுசாக இருந்தது.

ரிப்போர்ட்டில் எழுதினேன்:
குளிர் அல்ல. விழவும் இல்லை.
இறுக்கம் ஒரு பங்கு, திரவம் ஒரு பங்கு.
தனியாக எதுவும் இதை இத்தனை சீக்கிரம் உடைக்காது.
எழுதிவிட்டு
அந்தக் கடைசி வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தேன்.

துரை வாசித்தார், தலையாட்டினார்.
இன்னும் இரண்டு பீப்பாய் மிச்சமாம்.
அது முடியட்டும், என்றார்.

அதனால் இப்போது எந்த மெஷின் வந்தாலும்
மூன்றாம் திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்துகிறேன்.
லோகாம்பாள் வீட்டிலிருந்து
சோடாப் போத்தலில் சோப்புத் தண்ணி கொண்டு போகிறாள்,
ஒருவருக்கும் சொல்லாமல்.
ஆவணியில் ஒன்றும் உடையவில்லை.

வெட்டின அரைப் பேர்கள்
செக்ரோலில் அப்படியே கிடக்கின்றன, சிவப்பு மையில்.
செபமாலை வந்து
ரிப்போர்ட்டின் நகல் ஒன்று கேட்டாள்.
மடித்துக் கொடுக்கப் போனேன். தடுத்தாள்.
மடிச்ச இடத்துலதான் மொதல்ல கிழியும், என்றாள்.