நான்காம் மாடியில் உப்பு

சிவாஜிநகர்ச் சந்தில் மூன்றாவது கடை.
எந்த மீன் வேண்டும் என்று அல்தாஃப் பாய் கேட்கவில்லை.
"அது போடுற கழிவை என்ன செய்யப்போறீங்க?"

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை ஓடிய ஒன்றைச்
சுட்டிக்கொண்டிருந்தேன்.
விரலை மடக்கிக்கொண்டேன்.

கேனிஸ்டர் வாங்கலாம், சத்தம் வராது,
அலமாரிக்குள் ஒளிந்துகொள்ளும்.
ஒளிந்திருப்பதை நீங்களும் மறந்துவிடுவீர்கள்,
மறந்த இடத்தில் நைட்ரேட் ஏறும்.
சம்ப் வைத்தால் ராஜா.
கீழே இன்னொரு தொட்டி, மேலிருந்து அதில் விழுந்தபடியே தண்ணீர்.
கரண்ட் போனால் இறங்கிவரும் அத்தனைக்கும்
அங்கே இடம் விட்டிருக்க வேண்டும். விடுவீர்களா?

எனக்கு நாகரத்னம்மா ஞாபகம் வந்தார்,
எங்கள் வீட்டுக்காரம்மா,
பத்து மாத அட்வான்ஸ்,
கீழ்வீட்டின் புதிய ஃபால்ஸ் சீலிங்.

ரெக்ஸலின் மணப்பாட்டுக்காரி.
மணல் பாக்கெட்டில் ஒட்டிய விலையைப் பார்த்து
கடை முக்காலியில் உட்கார்ந்தே விட்டாள்.
"செருப்ப உதறுனா அரைக் கிலோ விழும் எங்க வாசல்ல."
பாய்க்குக் கோபமில்லை.
அது வேறு மேடம், இது அரகோனைட்,
தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத்
தண்ணீரின் புளிப்பை அடக்கும்.

மூன்று தட்டுகள் வைத்தார்.
நொறுக்கிய பவளம், பால்பற்கள் போல;
இடுக்கில் விழுந்த இரை அங்கேயே அழுகும்.
சர்க்கரைப் பொடி மாதிரி ஒன்று;
பம்ப் முகத்தைத் திருப்பினால் புயல்.
மூன்றாவது தட்டு காலி.
வெறும் கண்ணாடி, சுத்தம்தான் சார்,
ஆனா மீன் குனிஞ்சா அதோட வயிறு அதுக்கே தெரியும்.

உப்புமா ரவைப் பதத்தில் நான்காவதாக ஒன்று
பரணில் இருந்து இறங்கியது.
ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.
எட்டுக் கிலோ பாறை, பொந்து பொந்தாக.
தோளில் தொங்கும் சின்ன ஸ்கிம்மர்.
ஆட்டோக்காரர் மூட்டையைத் தூக்கிப் பார்த்து
மேலே முப்பது கேட்டார்.

எங்கள் குழாயில் காவேரி
வியாழன், சனி மட்டும்.
மலைமேல் ஏற்றி, நூறு கிலோமீட்டர் குழாயில் தள்ளிக்
கொண்டுவந்த தண்ணீர்.
அதை ஆர்.ஓ.வில் வடித்து
நீல வாளியில் உப்பைக் கொட்டிக்
கரண்டிக் காம்பால் கலக்கினேன்.
பூம்புகார் போகாமலே,
வழியில் யாரிடமும் வாய்தா கேட்காமலே
முடிந்தது அதன் பயணம்.

பிறகு ஓர் இறால்.
குழம்புக்கு வாங்கியதில் ஒன்றைத் தோலோடு போட்டாள்.
அழுகட்டும். அழுகினால்தான் அம்மோனியா,
அம்மோனியா வந்தால்தான் அதைத் தின்ன
கண்ணுக்குத் தெரியாதவை குடிவரும்.
சோதனைக் குப்பியில் மஞ்சள் பச்சையானது.
இன்னொன்றில் ஊதா, பத்து நாள் ஊதா,
அலுவலகக் கூட்டத்திலும் எனக்கு ஊதா.

கூரியர்க்காரர் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.
"மீனு எல்லி?"
இன்னும் வரவில்லை என்றேன்.
வெளிச்சமும் அலையும் ஓட,
காலியாக ஒரு கல்யாண மண்டபம்.
முப்பத்தாறாம் நாள் இரவு கரண்ட் போய்
அமைதியில் விழித்துக்கொண்டேன்.
ஸ்கிம்மரின் குமிழிச் சத்தம் இல்லாமல்
இனி எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

நாற்பத்தொன்றாம் நாள்
ஊதா வெளிறி இளநீலத்துக்கு இறங்கியது.
ஸ்கிம்மர் கோப்பையில் டிகாக்‌ஷன் நிறத்தில்
முதல் அழுக்கு. நாற்றம் தாங்கவில்லை.
இருவரும் மாறி மாறி முகர்ந்தோம்.

ரெக்ஸலின் விரலை விட்டு நக்கினாள்.
"தூக்கல்."
மானியில் பார்த்தேன். 1.027.
ஆவியாகப் போனது தண்ணீர் மட்டும்,
உப்பு எங்கேயும் போகவில்லை.

சனிக்கிழமை.
வடித்த காவேரியில் ஒரு செம்பு
ஓரமாக, மணல் கலையாமல், ஊற்றினேன்.