சர்க்கரை இல்லாத ஜூலை

ஆறு பீச் பழம், ஒன்றில் மட்டும் காயம்.
கடைக்காரன் அதற்காக
அரை டாலர் குறைத்துக்கொண்டான்.
நான் தேடி எடுத்ததே அதைத்தான்.
கேட்காமலே சாறு விடுகிற பழம் அது.

அலபாமாவில் ஜூலை பிறந்தால்
காலை ஒன்பதுக்கே தார்ச்சாலை
செருப்பைப் பிடித்து இழுக்கும்.
இந்த வெயிலில்தான் டாக்டரம்மா
என் ஹாய்ட்டைப் பார்த்துச் சொன்னாள்:
இனி தேநீரில் சர்க்கரை கூடாது.
"அப்போது அது தேநீர் இல்லை,
கூரையில் வழிந்த தண்ணீர்" என்றான் அவன்
காரில் ஏறி, பெல்ட் போட்டு,
வீடு வரும்வரை வேறெதுவும் பேசவில்லை.

நாற்பத்தொன்பது வருடமாக
கேலன் ஜாடிக்கு இரண்டு கோப்பை
அளக்காமல் கொட்டிய கை என்னுடையது.
அந்தக் கையை இப்போது
எங்கே வைத்துக்கொள்வது?

முதல் தடவை அவசரப்பட்டேன்.
சூடு ஆறுமுன் ஃபிரிட்ஜில் வைத்தேன்.
குளத்துத் தண்ணீராய்க் கலங்கிப்போனது.
ஹாய்ட் கண்ணாடி டம்ளரை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
"மீன் எத்தனை விட்டிருக்கிறாய், வெர்லீன்?" என்றான்.
இரண்டாம் தடவை பழம் கூடிப்போய்
பல் முளைக்காத பிள்ளைக்கு
ஊட்டுகிற கூழ்.

மூன்றாவது இது.
தோலோடு நறுக்கினேன், தோலில்தான் நிறம்.
கொட்டையை விடமாட்டேன் என்ற சதையை
கத்தி முனையால் சுரண்டிப் போட்டேன்.
சின்னத் தீ. மரக்கரண்டி.
சமையலறை முழுக்க ஒரு வாசம் எழுந்தபோது
தபால்காரப் பெண் கம்பிக்கதவருகே
தேவைக்கு மேல் ஒரு நிமிடம் நின்றாள்.
தேயிலைப் பை எட்டு.
ஐந்து நிமிடம்; ஆறாவது நிமிடம் கசப்புக்குச் சொந்தம்.
கடுகளவு சமையல் சோடா.
எங்கள் தேவாலயத்துப் பெண்கள் எல்லாரும் போடுவார்கள்,
ஒருத்தியும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.
வடிகட்டினேன்.
மேசையிலேயே ஆறவிட்டேன், மின்விசிறியைக் கூடத்
திருப்பி வைக்கவில்லை.
பொறுமை என்று ஒன்று எனக்கு இருப்பது
அன்றுதான் தெரிந்தது.

டம்ளர் நிறைய ஐஸ்.
அதன்மேல் ஊற்றியபோது படபடவென்று வெடித்தது.
தெளிந்த செம்மண் நிறம், ஓரத்தில் மட்டும் தங்கம்.
ஹாய்ட் குடித்தான்.
சுவரைப் பார்த்தான்.
இன்னும் கொஞ்சம் குடித்தான்.
"மோசமில்லை."

இந்தச் சொல்லை அவன் வாயால்
இதற்குமுன் மூன்று முறை கேட்டிருக்கிறேன்.
அதில் ஒன்று டிராக்டருக்கு.

இரவு ஒன்றரைக்கு
வியர்த்த தலையணையை விட்டு எழுந்தேன்.
மாவு டின்னுக்குப் பின்னால்
நானே ஒளித்துவைத்த சர்க்கரை.
என் டம்ளரில் இரண்டு கரண்டி,
சரி, மூன்று.
குளிர்ந்த தேநீர் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளாது.
அடியில் மணலாய்ப் படுத்துவிடும்.
கலக்க வேண்டும், கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்,
கரண்டிக்கோ ரகசியம் காக்கத் தெரியாது.

"கரையும்வரை நிற்பதாக இருந்தால்
பொழுது விடிந்துவிடும்" என்றது குரல்.
வாசலில் அவன், பனியனோடு, வெறுங்காலோடு.
டம்ளரை மறைக்கலாமா என்று
ஒரு கணம் யோசித்தேன்.
எழுபது வயதில் எதை எங்கே மறைப்பது?
சாராயத்தோடு பிடிபட்டிருந்தால் கூட
முகம் இவ்வளவு சுட்டிருக்காது.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.
திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.
தூரத்தில் சரக்கு ரயில் போய் முடிகிறவரை
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.
பிறகு உள்ளங்கையை நீட்டினான்.
"ஐஸ் மட்டும் கொடு."

கரண்டியால் ஒரு கட்டியை மீன்பிடித்தேன்.
குழாயடியில் காட்டி, நன்றாக அலசி,
அவன் கையில் வைத்தேன்.
கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"கழுவிவிட்டாய்."
"ஆமாம்."

இன்னொன்று கேட்டான்.
அதை நான் கழுவவில்லை.