பெறுமதி இல்லை

திறப்பு என்று ஒன்றில்லை, நாலு எண்தான்.
கைப்பிடியில் தொங்கும் இரும்புப் பெட்டியை
உருட்டினால் வீடு திறக்கும்.
போன கிழமை எண் இன்னும் விரல்நுனியில் நிற்பதால்
முதல்தரம் பிழைக்கிறது.
கையுறையைக் கழற்றி மறுபடி.

பதினொன்றுக்கு அவர்கள் போய்விடுவார்கள்,
நாலுக்கு மற்றவர்கள் வருவார்கள்.
நடுவில் எனக்கு மூன்று வீடு.

சொந்தக்காரர் ஓக்வில்லில் இருக்கிறாராம். கண்டதில்லை.
அவர் கொம்பனிக்கு நூற்றெண்பது கொடுக்கிறார்,
கொம்பனி குகநேசனுக்கு நூற்றிப்பத்து,
குகநேசன் எனக்கு நாற்பத்தைந்து.
பெற்றோலும் சவர்க்காரமும் என் கணக்கு.
முழங்காலும்.

யாரோ பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறார்கள்.
கம்பளத்தில் கொட்டிய மினுக்கத் தூளை
எந்த மெசினும் இழுக்காது.
செலோரேப்பைக் கையில் சுற்றி
ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும்.
குளியல் தொட்டியின் வாயில் மூன்று நிறத்தில் மயிர்.
ஒரு மயிர் மிஞ்சினால் ஒரு நட்சத்திரம் குறையும்,
அதற்கு இருபது டொலர் வெட்டு.
வானத்தில் நட்சத்திரம் விழக் கண்டால்
பச்சை மரத்தைப் பார்க்கச் சொல்வார்கள்.
இங்கே விழுந்தால் போனைப் பார்க்க வேண்டும்.

சின்ன அறையில் டைனோசர் விரிப்பை உருவினேன்.
தலையணைக்குக் கீழே ஒரு பல்.
முன்பல். நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிது,
அடியில் காய்ந்த இரத்தக் கோடு.
பக்கத்தில் காசு இல்லை.

இந்த ஊர் வழக்கம் எனக்கு ஆரணி சொல்லித்தான் தெரியும்.
அவளுடைய முதல் இரண்டு பல்லையும்
நான் குப்பையோடு கூட்டி எறிந்துவிட்டேன்.
ஒரு தேவதை இராத்திரி வருவாளாம்,
ஒருவரும் காணமாட்டார்களாம்,
பல்லை எடுத்துக்கொண்டு காசு வைப்பாளாம்.
அவளுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது என்று கேட்டேன்.
ஆரணி சிரித்தாள். நான் சும்மா கேட்கவில்லை.

கிடைக்கும் எதையும் படமெடுத்து அனுப்புவது விதி.
அனுப்பினேன்.
படம் குகநேசனிடம் ஏறி,
கொம்பனியில் ஏறி,
ஓக்வில் வரைக்கும் போயிருக்க வேண்டும்.
குசினி மேடையைத் துடைத்து முடிக்கையில்
அதே படிகளால் பதில் இறங்கி வந்தது:
பெறுமதி இல்லை. எறியவும்.
கீழே குகநேசன் தன் பங்குக்கு:
அக்கா, ஒண்டரைக்கு மற்ற வீடு.

ரிசுவில் சுற்றி ஜீன்ஸின் சின்னப் பொக்கற்றுக்குள் வைத்தேன்.

பிறகு பதினொரு தலையணை, எட்டுத் துவாய்.
கக்கூஸ் தாளின் நுனியை முக்கோணமாய் மடித்தேன்.
மேல்மாடிக் கண்ணாடியைத் துடைக்கையில்
கூரைகளுக்கு அப்பால் நயாகராவின் புகை எழும்பியது.
அதற்காகத்தான் எல்லாரும் இங்கே வருகிறார்கள்.
காரில் எட்டு நிமிடம்.
மூன்று வருசத்தில் இரண்டு தரம் போயிருக்கிறேன்,
இரண்டும் வந்த சனத்துக்குக் காட்ட.

நாற்பத்தொரு படம் அனுப்பிவிட்டு
வாளியோடு வெளியே வந்தால்
ஒன்றேகாலுக்கே வாசலில் ஒரு கார்.
ஒகையோ இலக்கத் தகடு.
பெட்டிகளை மட்டும் வைத்துவிட்டுப் போகலாமா என்றான்.
பிறகு, வாளியைக் காணாதவன் போல,
உங்கள் வீடா, வடிவாயிருக்கிறது என்றான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
மேல் குளியலறையில்
சுடுதண்ணி வர இரண்டு நிமிடம் எடுக்கும் என்றேன்.
பின்கதவை உயர்த்தி அழுத்தினால்தான் பூட்டு விழும்.
மூன்றாவது படி கொஞ்சம் ஆடும்,
பிள்ளைகள் கவனம்.

காருக்குள் ஹீற்றர் சூடாகும் வரைக்கும் இருந்தேன்.
சில்லறைக் கிண்ணத்தில் ஒரு இரண்டு டொலர் குத்தி கிடந்தது.
எடுத்துப் பார்த்தேன்.
விலாசம் கொம்பனியிடம் இருக்கும்.
கேட்டால் ஏன் என்பார்கள்.
ஏன் என்று கேட்டால்
இரண்டு பல் கடன் கிடக்கிறது என்றா சொல்வது?

அடுத்த வீட்டு எண்
ஐந்து, ஐந்து, பூச்சியம், மூன்று.