தாமதம்: 6 ஆண்டு 41 நாள்

படித்து முடித்து ஆறு வருஷம் ஆகிறது.
கல்லூரியின் பாடத் தளம் மட்டும்
அதை நம்பவில்லை.
உள்ளே போனால் இன்னும்
"வணக்கம், மாணவர் அல்போன்ஸ் தாசன்" என்கிறது.

ஃபுஜைரா. கேம்ப் அறை 23.
கட்டில் நாலு, ஏசி ஒன்று.
ஜன்னலுக்கு வெளியே எண்ணெய்த் தொட்டிகள்,
அதற்கும் அப்பால்
முறை வரும்வரை விளக்கெரித்துக்கொண்டு
நங்கூரம் போட்ட கப்பல்கள்.

என் கடவுச்சொல் இந்த அறைக்குப் பொது,
மிளகாய்த்தூள் டப்பா மாதிரி.
வவுனியா நிரோஜன் வெல்டிங் பாடத்தை
அரை வேகத்தில் ஓடவிடுவான்.
"இந்த சேர் கொஞ்சம் மெல்லமாக் கதைச்சா என்ன?"
பதினொன்றாம் வகுப்போடு நின்ற ரஹ்மத்துல்லா
பாதுகாப்பு அலுவலர் தேர்வுக்கு
போர்வைக்குள் போனை வைத்துப் படிப்பான்.
மெஸ்ஸில் சமைக்கும் பூபதி
வெப்பப் பரிமாற்றம் மூன்றாம் வகுப்பைப் பார்த்த மறுநாள்
பருப்புப் பானையை மூடி வைக்கத் தொடங்கினான்.

தளத்தின் கணக்கில் இதெல்லாம் ஒரே ஆள்.
ராத்திரி இரண்டு மணிக்கும் தூங்காமல் படிக்கிற
ஒரு மாணவன்.
படிக்கிற காலத்தில் நான் அப்படி இருந்ததில்லை.

புதன்கிழமை மின்னஞ்சல் வந்தது.
முன்னாள் மாணவர் கணக்குகள்
முப்பதாம் தேதி நள்ளிரவோடு மூடப்படும்.
காரணம்: இடப் பற்றாக்குறை.
அந்தச் சொல்லை எங்களுக்கு
யாரும் விளக்க வேண்டியதில்லை.
போன மாதம் கட்டட நிதி கேட்டு வந்த கடிதத்தில்
நான் அவர்கள் குடும்பத்தில் ஒருவன் என்றிருந்தது.
பதில் எழுதினேன்.
இது தானியங்கி அஞ்சல், பதில் அனுப்பாதீர்கள்
என்று பதில் வந்தது.

முப்பதாம் தேதி.
கேம்ப் வைஃபை சுற்றிச் சுற்றி வந்தது.
குறிப்புகள் இறங்கின. வீடியோக்கள் இறங்கவில்லை.
நிரோஜன் தன் போனால்
என் திரையைப் படம்பிடித்துக்கொண்டிருந்தான்,
கை நடுங்காமல்
மூச்சை அடக்கி.

அப்போதுதான் கண்ணில் பட்டது,
ஒப்படைப்பு எண் நான்கு. சிவப்பில்.
சமர்ப்பிக்கப்படவில்லை.
ஒரு தொட்டிச் சுவரின் மீதி ஆயுளைக் கணக்கிடுக.
அன்று எனக்கு ஒரு தொட்டியையும் தெரியாது.
நேற்றுதான் 417ஆம் தொட்டியின் வயிற்றில்
ஜெல் தடவி, கருவியை ஒட்டிவைத்து அளந்தேன்.
போட்டபோது பன்னிரண்டு மில்லிமீட்டர்.
இருபது வருஷம் கழித்து ஒன்பது புள்ளி நாலு.
ஆறு புள்ளி எட்டுக்குக் கீழே போகக் கூடாது.
ஆக, இன்னும் இருபது வருஷம் தாங்கும்.
ஒரே பக்கம்.
கையுறையில் துரு ஒட்டிய படத்தையும் சேர்த்து
ஏற்றிவிட்டேன்.
சிவப்பு பச்சையானது.
தாமதம்: 6 ஆண்டு 41 நாள்.

"பன்னிரண்டுக்கு இன்னும் நேரம் கிடக்கு"
என்று ரஹ்மத்துல்லா டீ போடப் போனான்.
டீ வந்தது. பூபதி பக்கத்தை ஒருமுறை புதுப்பித்தான்.
பயனர் பெயர் தவறு.
மறுபடி. தவறு.
மணி பத்து முப்பத்தொன்று.
ஊரில் நள்ளிரவு.

ஆறு வருஷமாக அந்த ஒன்றரை மணியைக் கூட்டித்தான்
வீட்டுக்குப் போன் செய்கிறோம்.
இன்றைக்கு மட்டும் நாலு பேரில் ஒருத்தனும் கூட்டவில்லை.

"மார்க் போடுவினமோ?"
நிரோஜன்தான் கேட்டான்.
யாருக்குத் தெரியும்.
பாடம் எடுத்தவர் அங்கே இருக்கிறாரோ என்னவோ.

சனிக்கிழமை 418.
நான் அளவைச் சொல்லச் சொல்ல
நிரோஜன் சாக்பீஸால் தொட்டியின் மேலேயே எழுதி,
கழித்து, வகுத்து,
நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு
"பதினேழு வருஷம். சரியோ?" என்றான்.

சரிதான்.
அழித்துவிடு, இன்ஸ்பெக்டர் வருகிற நேரம்.