ஐம்பதுக்கு மூன்று குறைவு

பெருந்துறையில் டயாலிசிஸ் டெக்னீஷியன் பயிற்சிக்கு
எத்தனை மார்க் ஆங்கிலம் வேண்டுமென்று
ஐந்து பேர் உட்கார்ந்து பேசினோம்.
வடை ஆறிப்போனது.

அறுபது என்றார் முதல்வர்.
"ஃபோனெடுத்தா நாலு வார்த்தை பேசோணுமுங்க,
அறுவத்தஞ்சு வைங்க" என்றார் ஆஸ்பத்திரிக்காரர்.
சீட் நிரம்பினால் சரி, நாற்பதே போதும் என்றது
கணக்குப் பிரிவு.
கேள்வித்தாள் போடுகிறவள் நான்.
என்னிடம் இன்னும் முறை வரவில்லை.

போன வருடம் கோடு ஐம்பதில் இருந்தது.
சென்னிமலை சௌடேஸ்வரி நாற்பத்தேழு.
'ஒரு மழைநாள்' கட்டுரைக்கு இரண்டே வாக்கியம்:
மழை வந்தது. கரண்ட் போனது.
பிழையில்லாத ஆங்கிலம்தான்.
பதினைந்துக்கு இரண்டு போட்டேன்,
வாக்கியத்துக்கு ஒன்று.

தரணீஷுக்கு எண்பத்தொன்று.
அவன் மழையில் மயில் ஆடியது, வானவில் வந்தது,
தாள் தீராதிருந்தால்
ஊத்துக்குளிக்குக் கடலே வந்திருக்கும்.
சேர்ந்த மூன்றாம் வாரம்
குழாயில் குமிழி என்று மெஷின் கத்தியது.
குமிழி போகும்வரை மறுபடி ஓட்டக் கூடாது,
திரையில் இருந்தது அவ்வளவுதான், ஆங்கிலத்தில்.
'மறுபடி ஓட்டு' மட்டும் அவன் கண்ணில் பட்டது.
சிஸ்டர் ஜெசிந்தா கையைத் தட்டிவிட்டார்.
படுத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை.
அன்றிரவு எனக்குத்தான் தூக்கமில்லை.

தமிழில் மறுப்பு கடைசியில் ஏறும்,
வினையின் வாலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு.
ஆங்கிலத்தில் முன்னாலேயே வந்து
கால்களுக்கிடையில் குழந்தை மாதிரி நின்றுவிடும்.
நாட். அன்லெஸ். அன்டில்.
அவசரத்தில் எவரும் தாண்டிப் போகலாம்.

பழைய தாள்களின் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன்.
அந்த மூன்றையும் சௌடேஸ்வரி
ஓரிடத்திலும் தாண்டியிருக்கவில்லை.

என் முறை வந்தது.
"மழையை எடுத்துவிடலாம். மெஷின் எழுதுவதை வைப்போம்.
அதில் மட்டும் நூற்றுக்கு நூறு."
"நூறா? ஒருத்தரும் தேற மாட்டாங்க டீச்சர்."
"நோட்டீசுக்கு ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க"
முதல்வர் வாட்சைப் பார்த்தார்.
அடுத்த வியாழனுக்குத் தள்ளிப்போனது.

பஸ் ஸ்டாண்டில் நின்று
விண்ணப்பத்திலிருந்த எண்ணை அழைத்தேன்.
"கேக்கலீங், தறி ஓடுது, இருங்."
சத்தம் தூரமானது. கதவு சாத்தியது.
மறுபடி எழுதுகிறாயா என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"இந்தவாட்டியும் மழை வருமுங்களா மேடம்?"

முடியாத கூட்டத்தின் பேரில்,
எந்தக் கையெழுத்தும் இல்லாமல்,
வராது என்றேன்.