பழைய முறிவு

ஹெப்பாள் மேம்பாலத்தை ஒட்டிய
ஸ்கேன் சென்டரின் கீழ்த்தளத்தில்
பெயர், வயது, எடை கேட்டேன்.
நோரீன் ஹென்னஸி. அயர்லாந்து. ஐம்பத்துமூன்று.
எடைக்கு மட்டும் யோசித்தாள்.
"இன்றைக்கா, பந்தய நாளிலா?"

பந்தய நாளில் அவளுக்குக் காலை உணவு
அரை முட்டை. மீதி அரையை
வெந்நீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்துப்
பார்த்துக்கொண்டே வியர்ப்பாளாம்.

விழுந்தீர்களா?
விழுந்தேன்.
குதிரையிலிருந்தா?
"கம்மனஹள்ளி நடைபாதையில். ஒரு கல் ஆடியது."
பத்தொன்பது வருஷம் வேலியும் பள்ளமும் தாண்டியவளை
மாநகராட்சி ஒற்றைக் கல்லில் கவிழ்த்துவிட்டது.

திரையில் வந்தாள், வெள்ளை வெள்ளையாக.
இடது காறை எலும்பில் மூன்று முடிச்சு.
வலதில் தகடு, ஆறு திருகாணி.
விலா எலும்புகள்
சிலேட்டில் அழித்தழித்துப் போட்ட கோடுகள் மாதிரி.
அறிக்கையில் நாங்கள் எழுதுவது இரண்டே வார்த்தை:
பழைய முறிவு.

அவள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள்.
இது லிஸ்டோவல், மழை, கடைசிக்கு முந்தைய தடை.
இது முதல் வெற்றிக்கு மறுநாள்.
இந்தத் தகடு ஒரு செம்பழுப்புக் குதிரை. நான் எழுந்தேன்,
அது எழவில்லை.
அதன் பெயரை மட்டும் சொல்லவில்லை.
நானும் அடுத்த படத்துக்குத் தோளைத் திருப்பினேன்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது
என்பார்கள் எங்களில், என்றேன்.
"எனக்கு மீசை இல்லையே. மண்ணெல்லாம் பல்லில்தான்."

இப்போது எலஹங்காவுக்கு அப்பால்
ரேஸ் கோர்ஸ் கழித்துக்கட்டிய குதிரைகளுக்குத்
தாண்டக் கற்றுத் தருகிறாள்.
நேராக ஓடுவதற்கென்றே வாங்கி, தோற்றதும் விற்றவை.
மூங்கில் கழியைத் தரையில் போட்டாலே
பாம்பைக் கண்டதுபோல் நின்றுவிடுமாம்.
ஒரு வாரம் அதன்மேல் நடக்க வைப்பாள்.
அப்புறம்தான் ஒரு சாண் உயரம்.

"மூச்சை இழுங்க. பிடிச்சுக்குங்க."
படம் கலங்கியது.
"மன்னித்துக்கொள். பழக்கம்.
தடைக்கு முன்னால் மூச்சைப் பிடித்தால்
குதிரைக்குக் கேட்டுவிடும்.
விட்டுவிட வேண்டும்."
இரண்டாவது முறை பிடித்தாள், எனக்காக.

மணிக்கட்டில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் என்றார் டாக்டர்.
நாலு என்றாள்,
கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்குகிறவள் மாதிரி.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது
எதிர்ப்பக்கம் என் பஸ் வந்துகொண்டிருந்தது.
நடுவில் முழங்கால் உயரத் தடுப்பு,
தினமும் நான் சுற்றிப் போகிற தடுப்பு.
பையை மார்போடு இறுக்கி
மூச்சை விட்டேன்.